24 லட்சத்தை 46 பேருக்குப் பிரிக்காதீர்கள்

தம்பி ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு திறமூல மென்பொருள் மாநாடு நடத்தப் போகிறார்கள், வேலை செய்கிற எல்லாரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வெளிநாட்டில் இருந்து வர உதவித்தொகை கேட்டு 46 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. கேட்ட தொகையைக் கூட்டினால் 90 லட்சம் ரூபாவைத் தாண்டுகிறது, கையில் இருப்பது 24 லட்சம். எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிடலாமா, குழுவில் இருக்கும் ஒருவரின் நண்பரும் விண்ணப்பித்திருக்கிறாரே அதை என்ன செய்வது, காசை முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா. இந்த மூன்றும்தான் கேள்வி.

சமமாகப் பிரிக்க வேண்டாம். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் குழுவும் களைத்துப் போய் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான், நானும் இரண்டு தடவை அதற்குக் கை தூக்கியிருக்கிறேன். 24 லட்சத்தை 46ஆல் வகுத்தால் ஆளுக்கு 52,000 சொச்சம். சென்னையில் இருந்து வருகிறவருக்கு அது டிக்கெட் காசில் பெரும்பகுதி, சில நாட்களில் முழுவதுமே. அவருக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம், சென்னை ஆட்களில் பாதிப் பேர் உதவி கிடைக்காவிட்டாலும் வந்திருப்பார்கள். நைரோபியில் இருந்து வருகிறவர் உங்களிடம் கேட்டது 2 லட்சத்து 70 ஆயிரம் என்று வையுங்கள், அவருக்கு இந்த 52,000 ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சத்துக்கு அவர் எங்கே போவார்? நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டுவிட்டு வராமல் இருப்பார். ஆகக் கடைசியில் உங்கள் காசு போய்ச் சேர்வது எப்படியும் வரவிருந்த ஆட்களிடம். பார்ப்பதற்கு நியாயமாக இருக்கும், யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள், மண்டபத்தில் ஒரு புது முகமும் கூடியிருக்காது.

இந்தக் காசு ஒரே ஒரு வேலைக்குத்தான். இது இல்லாவிட்டால் வர முடியாத ஒருவர், அவர் வராவிட்டால் மாநாட்டில் ஏதோ ஒன்று குறையும், அப்படிப்பட்டவரைக் கூட்டி வருவது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டும். நல்லாக வேலை செய்தவருக்குக் கொடுக்கிற பரிசாக இதை நினைத்தால் தேவையே இல்லாதவருக்குப் போகும். கஷ்டத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தால், எந்தத் திறமூலத் திட்டத்திலும் ஒரு வரிகூட எழுதாத, எழுதும் எண்ணமும் இல்லாத ஒருவர் கொழும்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு இரண்டு அனுபவமும் இருக்கிறது.

தேவையை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். டெபியன் என்ற திறமூல இயங்குதளத்தை உருவாக்கும் ஆட்கள் தங்கள் வருடாந்த மாநாடான டெப்கொன்ஃபுக்கு வைத்திருக்கும் படிவத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சம்பளம் எவ்வளவு, வீடு வாடகையா சொந்தமா என்றெல்லாம் துருவுவதில்லை. காசு கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டு நாலு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: என்னால் வரவே முடியாது, வருவேன் ஆனால் பணரீதியாகச் சிலவற்றைத் தியாகம் செய்ய வேண்டிவரும், வருவேன் கொஞ்சம் சிரமம், தேவையில்லை. ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்களா என்றால், சிலர் சொல்வார்கள்தான். ஆனால் இப்படி நேராகக் கேட்டால் நான் பார்த்த அளவில் பெரும்பாலானவர்கள் நேராகவே பதில் சொல்கிறார்கள். 2023இல் டெப்கொன்ஃப் கொச்சியில் நடந்தபோது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் படிவத்தை முதன்முறையாகப் பார்த்தார்கள், "சிரமம்" என்பதைத் தெரிவு செய்துவிட்டுக் குறைந்த தொகை கேட்டவர்களையும் எனக்குத் தெரியும். அதோடு நான் எப்போதும் சேர்க்கச் சொல்கிற இன்னொரு கேள்வி இருக்கிறது: நீங்களாக எவ்வளவு போட முடியும்? ஒருவர் 40,000 என்பார், ஒருவர் விசாக் கட்டணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். அந்த ஒரு வரியால் 24 லட்சத்துக்குள் இரண்டு மூன்று பேர் கூடுதலாக அடங்குவார்கள். உங்கள் படிவத்தில் இது இல்லை என்றால் இப்போதுகூட 46 பேருக்கும் ஒரு மெயில் அனுப்பிக் கேட்கலாம், தப்பில்லை.

புள்ளி போடும்போது தேவைக்கு ஒரு புள்ளி, பங்களிப்புக்கு ஒரு புள்ளி என்று தனித்தனியாகப் போடுங்கள், கூட்டாதீர்கள். கூட்டினால் தேவை 1, பங்களிப்பு 9 எடுத்தவரும், இரண்டிலும் 5 எடுத்தவரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள், அதில் அர்த்தமே இல்லை. தேவையை வாசற்படியாக வையுங்கள். "வரவே முடியாது", "தியாகம் செய்ய வேண்டிவரும்" என்றவர்கள் மட்டும் உள்ளே வரட்டும், அதற்குப் பிறகு பங்களிப்பைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று பேராவது வாசிக்க வேண்டும், ஒருவர் போட்ட புள்ளியை மற்றவர் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நல்ல ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதுகிறவருக்கு நம்மை அறியாமலே கூடப் புள்ளி போட்டுவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டு மேல்மாடியில் ஐந்து பேர் இருந்து விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ராத்திரி பதினொரு மணி இருக்கும், தேத்தண்ணீர் மூன்றாவது சுற்று. மாலைதீவில் இருந்து வந்த ஒரு விண்ணப்பத்தில் "ஏன் வர விரும்புகிறீர்கள்" என்ற பெட்டிக்குள் இரண்டே வரிதான் இருந்தது: எங்கள் திவேகி மொழியின் எழுத்து திரையில் சரியாக வர வேலை செய்கிறேன், இதே வேலை செய்கிற ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. அதை வாசித்த மூன்று பேரும் குறைந்த புள்ளிதான் போட்டிருந்தோம், நான் 3 போட்டேன். அடுத்ததற்குப் போகும் நேரத்தில் எங்களில் ஒரு தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த விண்ணப்பதாரர் நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகளைத் திறந்து மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். நாலு வருடம், கிழமை தவறாமல், ஒற்றை ஆள். வலமிருந்து இடமாக எழுதும் எழுத்து என்பதால் வருகிற பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் பேசாமல் இருந்தோம். மாலேயில் இருந்து கொழும்புக்கு டிக்கெட் அந்தப் பட்டியலிலேயே மலிவானவற்றில் ஒன்று, அதைக்கூடக் கொடுக்காமல் விட்டிருப்போம். அன்றிலிருந்து எங்கள் வழக்கம், எழுதியிருப்பதை வாசிப்பதற்கு முன் செய்திருப்பதைப் போய்ப் பார்ப்பது. மொழிபெயர்ப்பு, ஆவணம், பயிற்சி வகுப்பு, புதியவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் அதில் அடங்கும், நிரல் எழுதுவது மட்டும்தான் வேலை என்று நினைக்க வேண்டாம். முதன்முறை வருகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள் என்றும் சொல்வேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் அதே பத்துப் பேர்தான் பறந்துகொண்டிருப்பார்கள்.

நண்பரின் விண்ணப்பத்துக்கு வருகிறேன். பெயரை மறைத்து வாசிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், சிறிய சமூகத்தில் அது நடக்காது, செய்த வேலையைச் சொன்னாலே ஆள் யாரென்று எல்லாருக்கும் விளங்கிவிடும். அதனால் தெரிந்தவர் என்பதை ஒளிக்காமல் பதிவு செய்யுங்கள். அந்த உறுப்பினர் அந்த விண்ணப்பத்தை வாசிக்கக் கூடாது, புள்ளி போடக் கூடாது, அதைப் பற்றிக் கதைக்கும்போது அறையிலேயே இருக்கக் கூடாது, வட்ஸ்அப் குழுவில் கதைப்பதானால் அவர் இல்லாத வேறு குழுவில் கதையுங்கள். உறவினர், ஒரே கம்பனியில் வேலை செய்கிறவர், முன்பு காதலித்தவர் எல்லாருக்கும் இதுதான். ஒன்றை மறந்துவிடக் கூடாது, நண்பர் என்ற காரணத்துக்காக அவருக்குக் கிடைக்க வேண்டியதைக் குறைக்கவும் கூடாது. வீண் பழி வந்துவிடுமோ என்ற பயத்தில் தகுதியான ஒருவரைத் தள்ளிவிட்ட குழுக்களையும் பார்த்திருக்கிறேன், அவருக்கு அது பெரிய அநியாயம். குழுவில் இருக்கிறவர்கள் யாரும் இந்தப் பெட்டியில் இருந்து தங்களுக்கு ஒரு சதமும் எடுக்கக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பைதன் நிரல்மொழிக்காரர்கள் அமெரிக்காவில் நடத்தும் பைகொன் மாநாட்டில் பல வருடங்களாக அமைப்பாளர்களும் பேச்சாளர்களும்கூட நுழைவுக் கட்டணம் கட்டித்தான் வந்திருக்கிறார்கள், கட்ட முடியாதவருக்குத் தனியாக நிதியுதவி இருந்தது.

இனி மூன்றாவது கேள்வி. என்னைக் கேட்டால் முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் பெரும்பாலான குழுக்கள் இதைக் கணக்காளர் வேலை என்று கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன. டிக்கெட்டை நீங்களே எடுங்கள், வந்த பிறகு பற்றுச்சீட்டைத் தாருங்கள், காசைத் திருப்பித் தருகிறோம் என்பதுதான் பொதுவான நடைமுறை. டெபியனிலும் பெரும்பாலும் அப்படித்தான், மாநாடு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அமைப்பாளருக்கு அது பாதுகாப்பு, ஆள் வராவிட்டால் காசு போகாது. ஆனால் கடன் அட்டை இல்லாதவருக்கு, அட்டையில் அவ்வளவு எல்லை இல்லாதவருக்கு, மூன்று மாதச் சம்பளத்தை முன்கூட்டிப் போட முடியாதவருக்கு நீங்கள் கொடுத்தது வெறும் கடிதம்தான். "வரவே முடியாது" என்று எழுதியவரைத் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் நீயே போடு என்று சொன்னால் அந்தத் தேர்வுக்கு என்ன பொருள்?

2016இல் ஐரோப்பாவில் ஒரு மாநாட்டுக்கு எனக்கு முழு உதவித்தொகை கிடைத்தது. டிக்கெட்டுக்கு அக்காவிடம் கடன் வாங்கினேன். போய் வந்து எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒரு உறையில் போட்டு, போர்டிங் பாஸ் துண்டையும் சேர்த்து ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் அனுப்புகிறோம் என்றார்கள். அப்போது இலங்கையில் பேபாலால் பணம் கட்ட முடிந்தது, பணம் வாங்க முடியவில்லை. அதை விளக்கி எழுதி, அவர்கள் தங்கள் பொருளாளரைக் கேட்டு, அவர் விடுமுறையில் போய், கடைசியில் வங்கி மூலம் வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அக்கா ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது எனக்கு மனம் என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். அந்த மாநாட்டு ஆட்கள் நல்லவர்கள், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காசு எப்படிப் போய்ச் சேரும் என்பதை முன்பே யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். விக்கிப்பீடியா ஆட்களின் மாநாடான விக்கிமேனியாவில் முழு உதவித்தொகை பெற்றவர்களுக்கு விக்கிமீடியா அறக்கட்டளை பயணத்தைத் தானே ஒழுங்கு செய்து கொடுக்கிறது, அதுதான் சரியான முறை. உங்களுக்கு அது இன்னும் வசதி, ஏனென்றால் கொழும்பில் இருந்து வெளிநாட்டில் உள்ள தனிநபர் கணக்குக்கு டொலர் அனுப்ப வங்கி கேட்கிற ஆவணங்களைவிட, காலி வீதியில் இருக்கும் ஒரு டிரவல் ஏஜென்சிக்குப் போய் ரூபாவில் காசு கட்டி டிக்கெட் எடுப்பது பல மடங்கு சுலபம். ஒரே ஏஜென்சியில் பத்து டிக்கெட் என்றால் திகதி மாற்றும்போது உங்களுக்காகக் கொஞ்சம் மினக்கெடுவார்கள். கடவுச்சீட்டின் படத்தைக் கேட்டு வாங்கி அதில் இருக்கிறபடியே பெயரைப் போடுங்கள். தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களில் சிலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருக்கும், சிலருக்குத் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், ஆனால் மெயிலில் ஒரு முதலெழுத்தோடு கையொப்பம் போடுவார்கள். மெயிலைப் பார்த்து டிக்கெட் போட்டால் விமான நிலையத்தில் அந்தரப்படப் போவது அவர்தான்.

தொகையை டொலரில் கணக்கு வையுங்கள். 2022 பெப்ரவரியில் ஒரு சிறு சந்திப்புக்கு வெளியூர் ஆட்களைக் கூப்பிட 10 லட்சம் ரூபா ஒதுக்கினோம். அப்போது டொலர் 203 ரூபா அளவில், அதாவது கிட்டத்தட்ட 4,900 டொலர். மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், மே மாதம் டொலர் 360, அதே 10 லட்சம் 2,800 டொலர்கூட வரவில்லை. நாங்கள் வாக்குக் கொடுத்திருந்த ஆறு பேரில் இரண்டு பேருக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டி வந்தது, பிறகு சந்திப்பையே தள்ளிப் போட்டோம். இன்றைக்கு அப்படி நிலைமை இல்லை. இருந்தாலும் 24 லட்சத்தில் இரண்டு, இரண்டரை லட்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். டிக்கெட் விலை ஏறும், யாருக்காவது திகதி மாறும், யாருக்காவது ஒரு ராத்திரி மருத்துவமனை தேவைப்படும்.

திகதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஓகஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை, யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா, புலம்பெயர்ந்த சனம் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும் காலம், டிக்கெட்டும் ஏறும், வெள்ளவத்தையில் கிழமை வாடகைக்கு வீடும் கிடைக்காது. மற்ற மாதங்களில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் மூன்று அறை வீடு எடுத்தால் ஆறு பேரைத் தங்க வைக்கலாம். இது முக்கியம், ஏனென்றால் டிக்கெட்டைப் பத்துப் பேருக்குத்தான் கொடுக்க முடியும், படுக்கையை இருபது பேருக்குக் கொடுக்கலாம். "சிரமம், ஆனால் வருவேன்" என்று எழுதிய சென்னை, திருவனந்தபுரம் ஆட்களில் பலருக்குத் தங்குமிடம் கிடைத்தாலே போதும். இடையில் இன்னொன்று. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியாப் பிள்ளைகளுக்கான ராத்திரி பஸ் காசையும் படுக்கையையும் இந்த 24 லட்சத்துக்கு வெளியே முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஒரு நைரோபி டிக்கெட் காசில் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் கூட்டத்தில் நாட்டுக்காரர், வெளிநாட்டுக்காரர் என்று தேவையில்லாத மனக்கசப்பு வரும்.

கடைசியாக விசா. பெரும்பாலான நாட்டவர் ஒன்லைனில் ஈடிஏ என்ற பயண அனுமதி எடுத்து வரலாம். மாநாடு, பட்டறை, கருத்தரங்குக்கு வருவது அதில் வணிக நோக்கப் பிரிவு, சுற்றுலா என்று போடச் சொல்லாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளில் இருந்து வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். விசாக் கட்டணத்தையும் உதவித்தொகையில் சேருங்கள், மறுக்கப்பட்டாலும் திருப்பிக் கொடுங்கள். எங்கள் ஆட்கள் ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டி மறுக்கப்பட்டு அந்தக் காசும் போய் நின்றதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், வராதவருக்கு ஏன் செலவு என்று உங்கள் பொருளாளர் கேட்பார், நீங்கள் கூப்பிட்டதால்தான் அவர் கட்டினார். விசா கையில் வருமுன் டிக்கெட் எடுக்க வேண்டாம். மாநாட்டுக்கு நாலு மாதம் முன்பே முடிவை அறிவித்துவிட்டால், யாருக்காவது மறுக்கப்பட்டாலும் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்கு அந்தக் காசைக் கொடுக்க நேரம் இருக்கும். காத்திருப்பவருக்கு அவர் எத்தனையாவது இடம், எந்தத் திகதிக்குள் பதில் வரும் என்று சொல்லுங்கள். கிடைக்காதவருக்கும் அன்றே எழுதுங்கள், இரண்டு மாதம் பதிலே இல்லாமல் ஒருவரை வைத்திருப்பதுதான் பெரிய அவமரியாதை. விதிகளையும் மொத்தத் தொகையையும் எல்லாருக்கும் சொல்லுங்கள், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை வெளியே விடாதீர்கள்.

46இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து இரண்டு விண்ணப்பங்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்துச் சில நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு ஒன்லைன் ஈடிஏ வேலை செய்யாது, தூதரகம் மூலம் போக வேண்டும் அல்லது இங்கே ஒருவர் பொறுப்பேற்றுப் பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் எடுக்கும், பொறுப்பேற்க உங்களில் ஒருவர் பெயரும் வேண்டும். அந்த இரண்டையும் இந்தக் கிழமையே மூன்று பேரிடம் கொடுத்து வாசித்து முடித்துவிடுங்கள் தம்பி, மற்ற 44ஐ அடுத்த கிழமை வாசிக்கலாம்.